பூசணிக்காயில் குத்தாதீர்கள்

சண்முகத்தாய் ராஜபாளையம் யூனியன் ஆபீசுக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது, வாபஸ் வாங்குகிற நேரம் முடிந்துவிட்டிருந்தது. சேத்தூரிலிருந்து வந்த பஸ் வழியில் பஞ்சர்.

"இனி நீங்க வேட்பாளர்தாம்மா. உங்க சின்னம் பூசணிக்காய்," என்றார் கிளார்க்.

தொண்ணூற்றாறில் வந்த அந்தப் பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயிப்பதற்காக அவள் மனுப் போடவில்லை. பஞ்சாயத்துக் கண்மாய் வேலையில் ஆண்களுக்குக் கொடுக்கிற கூலியில் பாதிதான் பெண்களுக்கு. தலைவர் பதவிக்கு நின்ற சுந்தரபாண்டியனிடம் அதைக் கேட்டபோது அவர் சிரித்தார். சிரித்தவரை மிரட்டத்தான் மனு. பலனும் கிடைத்தது. பெண்கள் ஓட்டெல்லாம் போய்விடுமென்று பயந்து, தான் ஜெயித்தால் எல்லோருக்கும் ஒரே கூலி என்று மைக்கிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு அவள் விலகிக்கொள்வதாகப் பேச்சு.

வாபஸ் ஆகவில்லை என்று கேட்டதும் சுந்தரபாண்டியன் குதித்தார்.

"கோவப்படாதிய அண்ணாச்சி. எனக்கு யாரும் போடாம நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் சண்முகத்தாய்.

சொன்னபடியே கிளம்பினாள். பூசணிக்காயில் குத்த வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னாள். அதுவரை அவள் சின்னம் தெரியாதவர்களும் தெரிந்துகொண்டார்கள். விபரீதம் புரிந்ததும் சுந்தரபாண்டியனின் ஜீப்பிலேயே ஏறி மைக்கைப் பிடித்தாள். கூலி விஷயத்தைத் தெருத்தெருவாக முழங்கி, அண்ணாச்சிக்கே போடச் சொல்லிக் கும்பிட்டாள். தொண்டை கட்டிக்கொண்டது.

டீக்கடை மாரிசாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்தவருக்கே இம்புட்டு பாடுபடுதவ, தலைவரானா எம்புட்டு செய்வா?"

டீ குடித்தவர்கள் எல்லாம் அதையே வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

ஓட்டு எண்ணி முடித்தபோது, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் சண்முகத்தாய் தலைவர்.

மாலையோடு வந்தவர்களை விலக்கிக்கொண்டு நேரே சுந்தரபாண்டியன் வீட்டுக்குப் போனாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவில்லை. அவர் மனைவி வெள்ளத்தாயிடம் கண்கலங்கினாள்.

"சத்தியமா என் ஓட்டையே அண்ணாச்சிக்குத்தான் போட்டேன் மதினி. ஆனா ஒண்ணு, மொதத் தீர்மானம் கூலிதான். அத மட்டும் விட மாட்டேன்."

வெள்ளத்தாய் அவளை வாசல்வரை கூட்டிவந்து, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, அந்த ஒரு ஓட்டு என்னோடது. அவிய குடுத்த வாக்க நம்பி நான் கழுத்த நீட்டுனது போதாதா?"