உச்சிக்குழி டாக்டர்

திருநெல்வேலிச் சீமையில் எவரையும் முகத்தை வைத்து அடையாளம் காணாத ஒரே ஆள் உச்சிக்குழி டாக்டர்தான். பேச வந்தவரின் தலையைத்தான் பார்ப்பார். டவுணில் அவருக்கு முடிவெட்டுகிறவர், "என்னைய விட்டா இந்த ஊர்த் தலைகளைத் தெரிஞ்சவரு அவருதான்" என்பார்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரே வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்த காலத்தில், இவர் பச்சைக் குழந்தைகளின் தலைக்கு எடுத்தார். எலும்பு இன்னும் மூடாத உச்சிக்குழியில் கருவியை வைத்தால் மூளையில் ரத்தம் ஓடுவது திரையில் தெரியும், காதிலும் கேட்கும். தடவுகிற பசை சில்லென்று இருந்தால் குழந்தை அழும் என்று, அந்தப் பசை பாட்டிலை எந்நேரமும் இடது அக்குளில் இடுக்கியபடியே திரிவார். கல்யாணப் பந்தியில்கூட அது இறங்காது.

என் அக்காவின் பையன் பிறந்ததும் அழவில்லை. மூச்சு வந்துவிட்டது, மூளையில் வீக்கம் இருக்குமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. ஸ்கேன் எடுக்க டாக்டர் வந்தபோது அக்காவின் மாமனார், ஓய்வுபெற்ற தாசில்தார், கதவை மறித்தார்.

"உச்சியில கை வைக்கப்பிடாது டாக்டரய்யா. அமுங்கிரும்."

"அப்பம் உங்க உச்சியில மொதல்ல வைக்கேன். குனிங்க அண்ணாச்சி."

தாசில்தாரின் வழுக்கையில் பசையைத் தடவிக் கருவியை வைத்தார். திரை கறுப்பாகவே இருந்தது.

"பாத்தியளா? உள்ள ஒண்ணுமே தெரியல."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

"உங்களுக்குக் கதவ அடைச்சாச்சு. புள்ளைக்குத் தெறந்து கெடக்கு. இப்பம் வலிச்சுதா? இல்லேல்லா? வழிய விடுங்க."

தலையைத் துடைக்கவும் மறந்து தாசில்தார் விலகினார்.

டாக்டர் பையனின் உச்சியில் கருவியை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். 'ஷ்க்' என்று ஒரு துடிப்பு. அடுத்த துடிப்பு வரைக்கும் நிசப்தம்.

"நடுவுலயும் ரத்த ஓட்டம் இருக்கணும் அண்ணாச்சி. வீக்கம் அமுக்குது."

மருந்து ஏறியது. தினமும் காலையில் பாட்டிலோடு வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். அக்கா அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் பையன் தலையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

ஒரு காலையில் 'ஷ்க்' வந்தது. அதன் வாலைப் பிடித்தபடி இன்னொரு சத்தம், மடை திறந்த வாய்க்கால்போல, நிற்காமல் ஓடியது. டாக்டர் சத்தத்தை முழுக்கக் கூட்டி, கதவையும் விரியத் திறந்துவிட்டார். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பாட்டில் அக்குளிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"கேட்டியளா அண்ணாச்சி! விடாம ஓடுதுவே! ஏலே, செயிச்சிட்டலே!"

அக்கா அழுதாள். பையன் அதைவிடப் பலமாக அழுதான். தாசில்தார் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "இன்னொருக்க புள்ள உச்சியில வைங்களேன் டாக்டரய்யா."

சில வருஷம் கழித்துக் கீழரத வீதியில், பள்ளிச் சீருடையில் இருந்த அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போகையில் டாக்டரைப் பார்த்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பையனைக் குனியச் சொல்லி உச்சியில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"நம்ம தாசில்தார் பேரன்லா! கதவ நல்லா அடைச்சிட்டான். ஒருத்தனாவது எனக்குன்னு கொஞ்சம் தெறந்து வைக்கானா பாரும்வே."

கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பையனும் நிமிர அவசரப்படவில்லை.