சுவர் டாக்டரும் பச்சைக் கண்ணீரும்

துருப்பிடித்த இரும்பு ஏணியின் ஏழாம் படி, காலை வைத்ததும் கழன்று விழுந்தது. அவள் விழவில்லை. பல்லில் கவ்வியிருந்த பொட்டலமும் விழவில்லை.

மணி பத்து ஐம்பது. பதினொன்றுக்குச் சுவர் அழும். பன்னிரண்டுக்கு வீடு கைமாறும். அதற்குள் அவள் தன் வீட்டை மீட்டாக வேண்டும்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளி, பொட்டலத்தைக் கொட்டி, ஒரு கழியால் கலக்கினாள். சாயப் பட்டறையில் பதினான்கு வருஷமாக நிறம் பார்க்கும் வேலை. எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை பிடி என்று கையே சொல்லிவிடும். மூடியைப் பழையபடி வைத்துவிட்டு, இல்லாத ஏழாம் படியைத் தாண்டி இறங்கினாள்.

கீழே தலைகள், தலைகள், தலைகள். வாசலில் செருப்பு மலை. ஆளுக்கொரு பாட்டில். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஐந்து லிட்டர் கேனோடு முதல் வரிசையில் நின்றார். படித்தவர் இல்லையா, முன்யோசனை இருக்காதா?

இத்தனை பேரும் பார்க்க வந்தது ஒரு சுவரை.

வீட்டுக்கு வயது நூற்று முப்பது. ஒன்பது மாதம் முன்பு வாங்கியது. முன்கூடத்துக்கு லாரி நுழையும் அகலத்தில் கதவு. சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள். கல் தரையின் நடுவே நீளமாக ஒரு பள்ளம். சுவரோரம் ஆறடியில் ஒரு கல் தொட்டி. அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கதவைப் பார்த்ததுமே இது யாரோ பிரபுவின் மாளிகை என்று முடிவு கட்டிவிட்டார். பத்திரம் படிக்கிற வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு, ‘மாளிகை’ என்று எழுதிய பித்தளைப் பலகைக்குச் சொல்லப் போய்விட்டார்.

அத்தோடு நின்றாரா? மாளிகை பளபளக்க வேண்டாமா என்று பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மூன்று கை பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற ஜாதி. மூக்கைப் பொத்தினால் வியர்க்கும். முதல் மழைக்கே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாய் உப்பியது. கொத்தனார் வந்தார், தட்டிப் பார்த்தார், பெயிண்டைச் சுரண்டிவிட்டால் நாலு வெயிலில் காய்ந்துவிடும் என்றார். கூலி கேட்காமல் சொன்ன யோசனை. அதற்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

அப்புறம்தான் சுவர் டாக்டர் வந்தார்.

வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். சுவரில் அதை வைத்து, கண்ணை மூடி, அரை மணி நேரம் கேட்டார். உள்ளே ஒரு சீமாட்டி அழுகிறாள் என்றார். இந்த மாளிகையின் எஜமானி. போன காதலன் திரும்பி வராமல் அழுதே செத்தவள். கல் தொட்டி அவள் பன்னீரில் குளித்தது. இரும்பு வளையங்கள் அவள் ஊஞ்சல் கட்டியது. தரைப் பள்ளம் அவள் கண்ணீர் ஓடி ஓடி அரித்தது.

“கதவு ஏன் டாக்டர் இவ்வளவு அகலம்?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“அவங்க மனசு விசாலம், தம்பி.”

சிகிச்சை அன்றே ஆரம்பம். சீமாட்டிக்கு வெளிச்சம் ஆகாதென்று மாடி அறையின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. உள்ளே டாக்டரின் மைத்துனன், இருபத்தொரு நாள் மௌனத் தவம். வெளியே பூட்டு, சாவி டாக்டர் கழுத்தில். தினமும் பதினொரு மணிக்கு டாக்டர் கைத்தடியால் சுவரை மூன்று தட்டுத் தட்டுவார். கல் தொட்டிக்கு மேலே சுவர் கசியும். பிறகு ஒழுகும். மூட்டு வலிக்கு ஒரு மூடி, கோர்ட்டுக் கேஸுக்கு இரண்டு மூடி.

அதோடு போயிருந்தால் கூத்து என்று விட்டிருப்பாள். பத்தொன்பதாம் நாளான இன்று பன்னிரண்டு மணிக்குள் வீடு கைமாறாவிட்டால் குடும்பத் தலைவருக்குக் கண் போய்விடும் என்று டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரரிடம் போய்க் கண்ணைத் தொட்டால்? மனிதர் நடுங்கிப்போனார். வாங்க ஆளையும் டாக்டரே பிடித்து வந்தார். ஒரு பழைய மர வியாபாரி. வந்த நாளிலிருந்து அவர் அழுகிற சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அண்ணாந்து உத்தரத்தையே பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத தேக்கு.

காலையில் காப்பி ஆறும்வரை அவள் சொல்லிப் பார்த்தாள்.

“என்னங்க, சுவர் அழுது முடிஞ்சதும் மாடித் தொட்டியில ஒரு சாண் தண்ணி குறையுது. தினமும் அளந்து பாத்துட்டேன். அது மேல் ரூமுக்கு மட்டும் போற தண்ணி.”

“சீமாட்டி குளிக்கிறாங்களோ என்னமோ.”

“செத்தவங்களா?”

“உனக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும். எனக்குக் கண்ணு வேணும்.”

பட்டறைக்குப் போய்ப் பொட்டலம் கட்டி வந்தாள்.

பதினொன்று. டாக்டர் கைத்தடியை உயர்த்தினார். கூட்டம் மூச்சை அடக்கியது. கண்ணாடிக்காரர் கையில் பேனா, மர வியாபாரி கையில் பத்திரம். டொக். டொக். டொக்.

சுவர் கசிந்தது. கையை நீட்டிக் காத்திருந்த எதிர்வீட்டு அத்தையின் உள்ளங்கையில் முதல் சொட்டு விழுந்தது.

“என்னடி இது, பச்சையா இருக்கு?”

பச்சைதான். வெற்றிலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை. கண்ணைப் பறிக்கும் பட்டறைப் பச்சை. வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கி, தொட்டியில் தேங்கியது.

“குடிச்சிடாதீங்க அத்தை, சாயம்” என்றாள் அவள்.

டாக்டர் ஒரே ஒரு நொடி திணறினார். பிறகு கை இரண்டையும் மேலே தூக்கினார். “விஷம். அம்மாவை விஷம் வெச்சுக் கொன்னிருக்காங்க. இன்னிக்குத்தான் வாயைத் திறந்து சொல்றாங்க.”

கூட்டம் விம்மியது. தலைமை ஆசிரியர் கண்ணைத் துடைத்தார். மூளை என்னமோ டாக்டருக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. நிற்பவர்கள் மூளைக்குத்தான் அன்று விடுமுறை.

“விஷம் இல்லீங்க, நாப்பத்தி மூணாம் நம்பர் பச்சை. பத்து நிமிஷம் முன்னாடி மாடித் தொட்டியில நான்தான் கலந்தேன்” என்றாள் அவள். “செத்தவங்க அழுதா அவங்க தண்ணி வரணும். என் தொட்டித் தண்ணி ஏன் வருது? சாவியைக் குடுங்க. மேல போய்ப் பாத்துடலாம்.”

தவம் கலைந்தால் ஊரே அழியும் என்று டாக்டர் கழுத்தைப் பொத்திக்கொண்டார். அத்தை தன் பச்சை உள்ளங்கையைப் பார்த்தாள். பத்தொன்பது நாளாகக் குடித்ததையெல்லாம் நினைத்தாள். எட்டி ஒரே இழுப்பு. கயிறு அறுந்து சாவி வந்தது.

மாடிக் கதவு திறந்ததும் உள்ளே கும்மிருட்டு. இருட்டு டாக்டர் போட்ட சட்டம். அந்த இருட்டில்தான் மைத்துனனுக்குத் தண்ணீரின் நிறம் தெரியவில்லை. அவன் கையில் குழாயில் சொருகிய ரப்பர் டியூப், அதன் மறுமுனை சுவரில் இருந்த ஒரு பொந்துக்குள். முழங்கை வரை பச்சை. வந்தது யாரென்று தெரியாமல், பத்தொன்பது நாள் மௌனத்தை அவன் நிதானமாகக் கலைத்தான்.

“மாமா, போதுமா, இன்னும் கொஞ்சம் விடட்டுமா?”

கீழே ஓடி வந்து பார்த்தால் டாக்டர் இல்லை. மர வியாபாரியும் இல்லை. ஸ்டெதாஸ்கோப் மட்டும் பச்சைத் தண்ணீரில் கிடந்தது. மைத்துனனைத் தெருவே சேர்ந்து காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனது. ஆள் அடையாளம் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கண்ணாடிக்காரர் எழுதாத பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லிடறேன். எல்லாப் பெயிண்டையும் சுரண்டிடலாம்.” மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். “ஆனா ஒண்ணு. அந்த ரூமுக்குள்ள நீ போனதே இல்ல. அங்கேருந்து சுவருக்குள்ளயே கல் தொட்டிக்குத் தண்ணி இறங்க வழி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

கூட்டமும் நின்றது. அத்தைக்கும் இந்தக் கேள்வி இருந்தது.

அவள் பீரோவைத் திறந்து மூலப்பத்திரத்தை எடுத்தாள். ஒன்பது மாதமாக யாரும் கேட்காத பத்திரம். அதன் கடைசித் தாளில் வீட்டின் பழைய வரைபடம்.

“வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சேங்க. நீங்க பித்தளைப் பலகையைத் தூக்கிட்டு வந்து நின்ன மூஞ்சியைப் பாத்து எனக்குச் சொல்ல மனசு வரல.”

அவர் வாங்கிப் படித்தார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் நிமிர்ந்து அகலக் கதவைப் பார்த்தார், இரும்பு வளையங்களைப் பார்த்தார், தரைப் பள்ளத்தைப் பார்த்தார். கடைசியாக, ஊரே வரிசையில் நின்று மொண்டு குடித்த கல் தொட்டியைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அத்தை பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியர் காலிக் கேனை இடுக்கிக்கொண்டு, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்: “குதிரை லாயம். மேல்தளம், வைக்கோல் அறை. சுவரின் உள்ளே, மேலிருந்து கல் தொட்டிக்குத் தண்ணீர் இறங்கும் வழி.”

பன்னிரண்டு குதிரைகள் அந்தத் தொட்டியில் தண்ணீர் குடித்ததாகப் பத்திரம் சொன்னது. அவற்றில் ஒன்றாவது சுவரைக் கும்பிட்டதாக ஒரு வரிகூட இல்லை.