மாப்பிள்ளையும் நானூறு பவுண்டு ஸ்பிரிங்கும்

அரைகுறையாகத் தெரிந்தவனைக்கூட மன்னித்துவிடலாம். ஒரே ஒரு விஷயத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு, அதை உலகத்தில் எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்ப்பவன் இருக்கிறானே, அவனிடம் மட்டும் காரைக் கொடுக்கக் கூடாது. இருபத்தாறு வயதில் நான் அந்த ரகம். என்னிடம் காரும் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் சரக்கு வேகன்களின் ஸ்பிரிங்கைப் பரிசோதிப்பது என் வேலை. (வீட்டில் 'இன்ஜினியர்' என்று சொல்லிக்கொள்வார்கள். யார்டில் யாரும் அப்படி அழைத்ததாக நினைவில்லை.) பாலிகஞ்சில் அப்பா, அம்மா, தங்கை ராஜியோடு குடித்தனம். இரண்டு பேர் ஓட்டி அலுத்த ஒரு பழைய ஹெரால்ட் காரை வாங்கியிருந்தேன். போல்ட்டைக் கழற்றினால் அதன் கூரையைத் தனியாகத் தூக்கி வைத்துவிடலாம். வார நாட்களில் அந்தக் கார் அம்மாவோடு கரியாஹாட்டுக்குக் கறிகாய் வாங்கப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே, யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடக்கும் ரேஸுக்குப் போகும்.

ரேஸில் வளைவுக்கு வளைவு கார் சாய்ந்தது. சாயாமல் இருக்க ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம்? ஸ்பிரிங் ஓர் அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு பாரம் தேவை என்பதுதான் கணக்கு. பழைய ஸ்பிரிங்குக்கு நூற்றைம்பது போதும். தெருவுக்கும் ரேஸுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால், விவரம் தெரிந்தவர்கள் அதைக் கொஞ்சம் கூட்டி அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நானோ வேகன்காரன். முழுப் பாரம் ஏற்றினால் தாங்குமா என்று பார்த்துத்தான் எங்கள் யார்டில் ஸ்பிரிங் போடுவோம். அதே பழக்கத்தில், நிலக்கரி ஏற்றப்போகிறவன் மாதிரி கணக்குப் போட்டேன். நானூறு வந்தது.

மல்லிக் பஜார் வங்காளி மெக்கானிக் நிமாய்-தா என் காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தாதா, ட்ராம் லைனே மாரா ஜாபேன்!"

ட்ராம் தண்டவாளத்தில் செத்துப்போவீர்கள் அண்ணா என்று அர்த்தம். இவருக்கு என்ன கணக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். (இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.) சொன்னபடியே முன்னால் புது ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் எல்லாம் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறன்று ரேஸ். வழவழவென்ற ஓடுதளத்தில் கார் இம்மிகூடச் சாயவில்லை. ஏழாவதாக வந்தேன். (எட்டாவது கார் கடைசிவரை ஸ்டார்ட் ஆகவில்லை.) உலகக் கோப்பையை வென்றவன் முகத்தோடு வீடு திரும்பினேன்.

அந்த வாரமே ராஜிக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம். திறந்த காருக்கு எங்கே போவது என்று கேள்வியே எழவில்லை.

"ரேஸ் ஸ்பிரிங்கக் கழட்டிட்டு பழசப் போட்டுடேண்டா," என்றார் அப்பா.

"அப்பா, இது ரெண்டுக்கும் பொது. எல்லாம் கணக்குப் போட்டுப் பண்ணினது."

"மாப்பிள்ளை ஒக்காரப் போறார்டா!"

"எட்டு மாப்பிள்ளை ஒக்காந்தாலும் தாங்கும்."

ராஜிக்கு இருந்த கவலை வேறு. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை கண்ணன் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அவருடைய அத்தைதான் பதில். "இன்னொரு பஜ்ஜி வேணுமான்னு கேட்டதுக்குக்கூட அத்தைதான் வேண்டாம்னா. அவர் பேசுவாரா, மாட்டாரா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசறாரான்னு பாத்துச் சொல்லேன் அண்ணா," என்று கண் கலங்கக் கேட்டிருந்தாள். ஆகட்டும் என்றேன். ஸ்பிரிங் ஞாபகத்தில் அது மறந்தே போயிற்று.

ஜானவாசம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம். கூரை கழற்றிய காரில், பின் சீட்டின் முதுகு மேல் கோட்டும் சூட்டும் மாலையுமாகக் கண்ணன். அவர் காலடியில் இரண்டு குழந்தைகள். மண்டபத்துக்கு எதிரே ட்ராம் லைனைக் கடக்க வேண்டும். தூரத்தில் ட்ராம் மணி கேட்டதும் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

முதல் தண்டவாளத்தில் மாப்பிள்ளையின் மாலை மூக்குக்கு வந்தது. இரண்டாவதில் அவர் மூக்குக்கண்ணாடி பறந்தது. மூன்றாவதில் மாப்பிள்ளைக்கும் சீட்டுக்கும் நடுவே ஆகாயம் தெரிந்தது. நிறுத்தினேன்.

காரணம் உடனே புரிந்துவிட்டது. காலி வேகன் குதிக்கும், லோடு ஏற்றினால் அடங்கும். மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தேன். அத்தை நல்ல ஆகிருதி.

"மாமி, உங்க வெயிட் என்ன இருக்கும்?"

நாதஸ்வரம் நின்றுபோனது.

"என்ன கேட்டேள்?"

"ஒண்ணுமில்ல மாமி, கார்ல இன்னும் முந்நூறு கிலோ ஏத்தணும். நீங்களும், அதோ அந்த ரெண்டு மாமாவும் ஏறினா சரியாப் போயிடும்."

அத்தையின் முகம் சிவந்தது. "சம்பந்தியாத்து மனுஷாள மூட்டை கணக்கா எடை போடறேளா? கண்ணா, எறங்கு கீழ! ராத்திரி வண்டியிலயே ஊருக்குப் போயிடலாம்."

அப்பா நடுரோட்டில் கையைக் கூப்பினார். மண்டபத்து மாடி ஜன்னலில் ராஜி வெளிறிப்போய் நின்றாள். என் தங்கையின் கல்யாணத்தை ஒரு ஸ்பிரிங்கால் நிறுத்திவிட்டேன். ட்ராம் வேறு பக்கவாட்டில் வந்து நின்று மணி அடித்தது. பதற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டேன். கார் கடைசித் தண்டவாளத்தை ஒரே தாவாகத் தாவியது.

"ஐயோ, நிறுத்துங்கோ! நான் நடந்தே வரேன்!"

கணீரென்ற குரல். மாப்பிள்ளையுடையதுதான். குதித்து இறங்கி, குழந்தைகளை இறக்கி, இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"கண்ணா, ஸ்டேஷன் அந்தப் பக்கம்!" என்றார் அத்தை.

"கல்யாணத்துக்குத்தான், அத்தை, நடந்தே வரேன்னேன்."

ஜன்னலிலிருந்து ராஜி சிரித்தது நடுரோடு வரை கேட்டது. கண்ணன் அண்ணாந்து பார்த்தார். நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. ஆள் இல்லாத காரை, தட்டுத் தட்டென்று குதிக்கவிட்டபடி நான் ஊர்வலத்தின் வாலில் ஓட்டிப்போனேன்.

அடுத்த வாரம் நிமாய்-தா பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, என் கணக்குக் காகிதத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணன் அன்று திறந்த வாயை இன்னும் மூடவில்லை என்பது ராஜியின் புகார். நான் கார்ச் சாவியைக் கையில் எடுத்தால் போதும், "நான் நடந்தே வரேன்" என்று எழுந்துவிடுவார்.

அத்தை மட்டும் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வருவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. வந்தார். என் ஜானவாசத்துக்கு வாடகைக்கு எடுத்த திறந்த காரில் நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். யாரையும் கேட்காமல் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் அந்தப் பக்கம் நன்றாகவே இறங்கிற்று.

"எண்பத்திரண்டு கிலோ," என்றார், ஊருக்கே கேட்கும்படி. "போறுமா?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் என் காரில் ஏறினாலும், முதலில் எடையைச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள்.