தர்மராஜ் எழுதி வைத்துவிட்டுப் போன சனிக்கிழமைகள்

செங்கல்பட்டு,
ஜூலை 28, செவ்வாய்.

அன்புள்ள ஹெலன் அக்காவுக்கு,

தம்பி ஜெரோம் எழுதுவது. உன் முழங்கால், மாமாவின் சர்க்கரை, ஓசூர்க் குளிர் மூன்றும் இந்த வாரம் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். மரியாதை முடிந்தது. இனி அவமானம்.

அக்கா, நான் எதிரி வீட்டில் கை நனைத்துவிட்டேன். ஆறு இட்லி, வடகறி. ஏழாவது வந்தபோது "ஐயோ, போதும்" என்று வாயால் சொன்னேனே தவிர, இலையை மூடவில்லை. சாப்பிட்டது முந்திரிமேடு ஊராட்சித் தலைவர் கண்ணாயிரம் வீட்டில். எந்தக் கண்ணாயிரம் என் மாமியார் ஊர்க் காலனிக்காரர்களின் சுடுகாட்டு வழியில் வேலி போட்டாரோ, அதே கண்ணாயிரம். இதைப் போனில் சொன்னால் ஜாய்ஸ் காதில் விழும். ஐம்பத்திரண்டு வயதில் தனியாகச் சமைத்துச் சாப்பிட எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு, மாமாவிடம் காட்டிவிட்டு.

எங்கள் 'கொதிநிலை' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் தர்மராஜ் ஜூன் மாதம் காலமானது உனக்குத் தெரியும். நான் அங்கே பிழைதிருத்தவும் நகைச்சுவைப் பத்தி எழுதவும் சேர்ந்த புதிதில் நீ வந்து பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்குச் சிரிப்பே வராதாடா?" என்று கேட்டாய். வரும் அக்கா, யாராவது ராஜினாமா செய்தால் வரும். பதினோரு பேரை வைத்து ஒரு கட்சி ஆரம்பித்தார். கொள்கை நீர்த்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் அவரும் நானும்தான் மிச்சம். கலெக்டரைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றேன் என்று என்னையும் நீக்கினார். என்னை நீக்குவதில் ஒரு நாள் தாமதம் செய்த குற்றத்துக்காகத் தன்னையே ஆறு மாதம் இடைநீக்கம் செய்துகொண்டு, அந்த ஆறு மாதமும் கட்சிக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே யாரும் இல்லை.

பத்திரிகையிலும் அதே கறார்தான். யாரைத் திட்டினாலும் பெயர் போட மாட்டார். "பேரு போட்டா பெரிய மனுசன் ஆயிடுவான்டா. பதவியத் திட்டு. ஆளு வருவான், போவான், பதவி அப்டியேதான் கீது" என்பார். அதேபோல எதிலும் வருடம் போட மாட்டார். கிறிஸ்து பிறந்த கணக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, சகாப்தக் கணக்கு ராஜாக்களுடையது, திருவள்ளுவர் ஆண்டு சர்க்கார் சொன்னது. எதை ஒப்புக்கொண்டாலும் சமரசம். ஆகவே தேதி, கிழமை, அவ்வளவுதான். இதற்காகப் பத்திரிகைக்கு இருந்த தபால் சலுகை ரத்தானது. கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று அதை முதல் பக்கத்தில் போட்டார். (நான் இந்தக் கடிதத்தில் வருடம் போடவில்லை, பார்த்தாயா? பழக்கம்.)

ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னைப் பார்த்தபோது, "பத்திரிகை நிக்கக் கூடாது. எல்லாம் பீரோவுல கீது" என்றார். காரியம் முடிந்து பீரோவைத் திறந்தால், கீழ்த்தட்டில் பழுப்புக் கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில்: ஜூலை 4, சனி. ஜூலை 11, சனி. ஜூலை 18, சனி. நாங்கள் பத்திரிகை போடுவதும் சனிக்கிழமைதான். செல்போன் காலண்டரில் பார்த்தேன், கிழமை இம்மி பிசகவில்லை. மனுஷன் சாவதற்கு முன்னால் வரப்போகும் சனிக்கிழமைகளுக்கெல்லாம் தலையங்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று புல்லரித்தது. சொந்தமாகத் தலையங்கம் எழுத வேண்டியதில்லை என்பதில் கொஞ்சம் கூடுதலாகவே புல்லரித்தது.

ஜூலை முதல் தேதி முதல் கவரைப் பிரித்தேன். "முந்திரிமேட்டில் காலனி மக்களின் சுடுகாட்டுப் பாதையில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருக்கிறார்கள்" என்று ஆரம்பம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்று முந்திரிமேட்டிலேயே இருக்கும் என் மச்சினி சாராளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "இன்னா மாமா, காலைலயே போட்டுட்டியா? வழி நல்லாத்தான் கீது" என்றாள். பெரியவர் கடைசிக் காலத்தில் குழம்பிவிட்டார் என்று நினைத்து, வேறு சரக்கு இல்லாததால் அதையே போட்டேன். சனிக்கிழமை பத்திரிகை வெளியானது. ஞாயிற்றுக்கிழமை காலை சாராள் கூப்பிட்டாள். "மாமா, கல்லுக்காலு நடுறாங்க" என்றாள்.

இரண்டாவது கவரில், வேலிக்குக் காவலாக ஒரு கறுப்பு நாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று இருந்தது. மறுநாள் நாய் வந்தது. கறுப்பு. மூன்றாவது கவரில், தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் நடந்தது, காலனிக்காரர்களை நிற்க வைத்தே பேசினார்கள், கிரீம் பிஸ்கட் கொடுத்தார்கள், முடிவு ஒத்திவைக்கப்பட்டது என்று இருந்தது. திங்கட்கிழமை கூட்டம் நடந்தது. போய்வந்த சாராளிடம், பயந்துகொண்டே, என்ன பிஸ்கட் என்று கேட்டேன். "நடுவுல கிரீமு" என்றாள்.

முதல் கவரிலிருந்தே, செத்தவர் எழுதிய தாளைக் கையில் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கவரை மேசைமேல் கவிழ்ப்பேன், தாள் எழுத்து மேலாக வந்து விழும், செல்போனில் படம் எடுத்து, வீட்டிலிருந்தே டைப் செய்து தரும் லோகநாயகிக்கு அனுப்புவேன், ஸ்கேலால் தள்ளித் தாளைக் கவருக்குள் சேர்த்துவிடுவேன். அவர் நாற்காலியில் நான் உட்காருவதில்லை. டீக்கடையிலிருந்து பதினொரு மணிக்கு அவருடைய சர்க்கரை இல்லாத டீ இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்ல எனக்கும் தைரியமில்லை, நிறுத்தக் கடைக்காரருக்கும் தைரியமில்லை. பன்னிரண்டு மணிக்கு டம்ளர் காலியாக இருக்கும். பெரும்பாலும் குடிப்பது நான்தான். பெரும்பாலும்.

இதற்கு நடுவே என் மாமியார் எல்லம்மாள் படுத்த படுக்கையாகிவிட்டார். இருபத்தைந்து வருடமாக என்னை 'அது' என்றுதான் சொல்வார், 'அது சாப்டுச்சா?', 'அது இன்னும் தூங்குதா?' அவருக்கு இருந்தது ஒரே கவலை. என் மாமனார் ஜோயலை, என் கல்யாணத்துக்கு முந்தின வருடம், உப்பங்கழிச் சேற்றில் இடுப்பளவு இறங்கித்தான் தூக்கிக்கொண்டு போனார்களாம்; நடுவில் பாடை சரிந்து கால் நனைந்துவிட்டதாம். ஏன் வழியில் போகவில்லை என்று நான் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. மாமியார் ஜாய்ஸையும் சாராளையும் பக்கத்தில் கூப்பிட்டு, "என்னிய சேத்துல தூக்கினு போவாதீங்கடி. ரோட்டு மேல தூக்கினு போங்க. உங்க நைனா இன்னும் கனவுல வந்து வேட்டியப் புழிஞ்சிகினு குந்திகினு கீறாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அது பேப்பர்லதான கீது? அத்த ஏதாவது செய்யச் சொல்லு" என்றார்.

அந்த வாரம் வியாழக்கிழமை கண்ணாயிரம் ஆள் அனுப்பினார். வழி கேட்கத்தான் போனேன் அக்கா, சத்தியமாக. போனால் வாழை இலை. அந்த மனுஷனுக்கு என்னைவிட நடுக்கம். "இன்னா ஜெரோமு, செத்த மனுசன் எப்டிப்பா எழுதுவாரு? நாயி ஞாயித்துக்கெழமதான் வந்துச்சி, நீ சனிக்கெழமையே நெறத்தோட போட்டுட்ட. எம் பொண்டாட்டி அதுக்குச் சோறு வெக்க மாட்டேன்றா. அடுத்த கவர பிரிக்காத, நைனா. அப்டியே மாபல்லபுரத்தாண்ட போயி கடல்ல வுட்ரு" என்றார். நான் வாயில் வடகறியோடு தலையை ஆட்டினேன். வழி? கேட்க மறந்துவிட்டேன். காபி நன்றாக இருந்தது.

செங்கல்பட்டு பஸ் ஏறும்போதே கவரை முட்டுக்காட்டில் விடலாமா, மாமல்லபுரத்திலேயே விடலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஆபீஸில் மதியம் இரண்டு மணி, கரண்ட் இல்லை, தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. விடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஜூலை 25 சனிக் கவரைக் கவிழ்த்தேன். முதல் வரி இதுதான் அக்கா, அப்படியே தருகிறேன்: "நம்மில் ஒருவன் எதிரி வீட்டில் கை நனைத்துவிட்டு வந்து, இதோ, இந்த வரியைப் பிழைதிருத்திக்கொண்டிருக்கிறான்."

கையை முகர்ந்து பார்த்தேன். வடகறி வாசனை. நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குக் கீழே இன்னும் இருந்தது: "ஊரில் ஒரு சாவு காத்திருக்கிறது. அன்று அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்று பார்ப்போம்." படம் மூன்று முறை மங்கலாக விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லம்மாள் கண்ணை மூடினார்.

ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டேன். என்னைப் பற்றிய வரி உட்பட. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஐம்பது பிரதி எடுத்துக்கொண்டு முந்திரிமேட்டில் இறங்கினால், வீட்டுக்கு வீடு அதற்குள் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டிருந்தார்கள். ஜாய்ஸ் மட்டும் அழுதுகொண்டிருந்ததால் படிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தூக்கினோம். காற்றே இல்லை. சவுக்குத் தோப்பு எப்போதும் ஓயாமல் இரையுமே, அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அலைச் சத்தம் கேட்கவில்லை. வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் பறை அடித்தவர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். வேலியில் வைத்திருந்த கேட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாயிரம், பின்னால் இருபது பேர், கையில் எங்கள் பத்திரிகை. நாய் எழுந்து நின்றது, குரைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அது பார்த்துக்கொண்டே இருந்தது. பாடையில் முன்னால் தோள் கொடுத்திருந்தது நான். திரும்பி ஓடியிருப்பேன், பாரம் விடவில்லை.

"அடுத்த கவர்ல இன்னா எழுதிகீறாரு?" என்று கண்ணாயிரம் மெதுவாகக் கேட்டார்.

நான் அதைப் பிரிக்கவே இல்லை. ஆனால் வாய் தானாகச் சொன்னது: "இந்தத் தபா பேரு போட்டு எழுதிகீறாருங்க."

"பேரு போட மாட்டாரே!" அவர் குரல் கீச்சென்று ஏறியது. "எங்கப்பன் தலைவரா இருந்தப்பகூட பேரு போடாமத்தான திட்டினாரு!"

"உங்க பேரு போட்டுகீறாரு. இனிஷியலோட."

கண்ணாயிரம் எனக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டு, நாயைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

அக்கா, என் மாமியார் ரோட்டு மேலேயே போனார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. கூட வந்த பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் மட்டும், "இப்டித்தான் ஒரு தபா தொறந்தாங்க. அப்பால செவுரு எழுப்புனாங்க. சுனாமி வந்து இடிச்சிச்சி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வயதானால் எல்லாம் கலந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்து வரும்போது சாராள் என் கையைப் பிடித்து, "அம்மா இருந்திருந்தா இன்னிக்கி உன்ன 'அவரு'ன்னு சொல்லியிருக்கும் மாமா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி ஒரே தீர்மானம்: தர்மராஜ் செத்தும் நம்மை விடவில்லை, நானும் அவரை விடுவதாக இல்லை. நாற்காலிக்குத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். டீ தொடர்ந்து வரும்.

வாசுதேவன் மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஜாய்ஸ் அத்தையின் முத்தங்கள். உங்கள் வீட்டு வாசலை எந்த வேலியும் மறிக்காமல், எந்தக் கவரும் தேடி வராமல், சனிக்கிழமைகள் எல்லாம் சாதாரணச் சனிக்கிழமைகளாகவே கழியட்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உன் அன்புத் தம்பி,
ஜெரோம்

பின்குறிப்பு: புதன் காலை. தபாலில் சேர்ப்பதற்குள் இன்னொன்று. ஆகஸ்ட் 1 சனிக் கவரைப் பிரித்தேன். "திறந்த வழியிலேயே லாரியில் கல் இறக்குகிறார்கள். இனி வேலி அல்ல, சுவர்" என்று இருந்தது. படித்து முடிப்பதற்குள் சாராள் போன்: "மாமா, லாரில கல்லு எறக்கினு கீறாங்க." நான் போட்ட சத்தத்தில், சம்பளம் வாங்க வந்து கீழே நின்றிருந்த லோகநாயகி மாடிக்கு ஓடிவந்தாள். அவள்தான் முதன்முதலாக அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்ற நான்கையும் திருப்பினாள். ஐந்தின் பின்புறத்திலும் ஒரே கல்யாணப் பத்திரிகை. 'பரிசுத்த விவாகம்' என்று போட மாட்டேன் என்று அடம்பிடித்த ஓர் அச்சகக்காரரோடு சண்டை போட்டு, அடித்த பத்திரிகைகளை வாங்காமலே வந்தாரே நம்ம அப்பா, அந்த அச்சகக்காரர் தர்மராஜ்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த வருடக் காலண்டரும் இந்த வருடக் காலண்டரும் ஒன்றுதான் என்று லோகநாயகி செல்போனில் பார்த்துச் சொன்னாள். பத்திரிகையில் உன் பெயரும் மாமா பெயரும் இருக்கிறது அக்கா. வருடமும் இருக்கிறது: 1998.