கடலெண்ணெய் தடவிய பூட்ஸ்

பெண் பார்க்கப் போன இடத்தில் "பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டால், "தூங்குவது" என்று உண்மையைச் சொல்லிவிடுவது உடம்புக்கு நல்லது. நான் "மலையேற்றம்" என்று சொன்னேன். (போளூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறவே இரண்டு தடவை யோசிக்கிற ஆள் நான்.)

கேட்டது தேன்மொழி. கணியம்பாடிப் பெண், ஜமுனாமரத்தூரில் பள்ளி ஆசிரியை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்டீன்னா அடுத்த வாரம் அண்ணன், அண்ணியோட மலை உச்சிக்குப் போறோம். ராத்திரி மேலயே தங்கல். நீங்களும் வாங்க. எறங்கி வந்ததும் என் பதிலச் சொல்றேன்."

எனக்கோ அவளைப் பார்த்தவுடனேயே பிடித்துப்போயிருந்தது. தப்பிக்க வழியில்லை. உடனே ஓடிப்போய் மலையேறும் தோல் பூட்ஸ் வாங்கினேன். புதுத் தோல் கடிக்குமே என்று அம்மா உள்ளும் புறமும் எண்ணெய் தடவினாள். அதுவும் வேர்க்கடலையைச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய். "தேங்காண்ணெ தலைக்கே பத்தல. செருப்புக்கு இது போதும்டா."

போதவில்லை. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்ததுமே பூட்ஸ் கடித்தது. "அதோ மலை அணில்!" என்று தேன்மொழி கூவியபோது நான் குனிந்து நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். அவள் அண்ணன் சேகர் புள்ளிமான்களைக் காட்டியபோது குதிகாலுக்குள் விரலை விட்டிருந்தேன். எதிர்ச் சரிவில் ஒரு கரடி குட்டியை முதுகில் சுமந்துகொண்டு போனதாம். நான் பூட்ஸிலிருந்து கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாப்ள, காட்டப் பாக்க வந்தீங்களா, காலப் பாக்க வந்தீங்களா?" என்றார் சேகர். தேன்மொழி சிரிக்கவில்லை. நான் நாடாவை அவசரமாகக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தேன்.

உச்சிப் பாறைக்குக் கீழே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மேலே சாமிக்கல் இருக்கிறது; மலைக்காரர்கள் யாரும் செருப்புக் காலோடு ஏற மாட்டார்கள். நான் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியாக எதையும் கழற்றியதில்லை. அண்ணி கட்டி வந்த புளிசோற்றைத் தின்றுவிட்டுக் கட்டை போலத் தூங்கினேன்.

விடிகிற நேரத்தில் கீழேயிருந்து கறுக், கறுக் என்று சத்தம். ஒரு மிருகத்தையாவது மற்றவர்களுக்கு முன்னால் பார்த்துவிட்டால் போன மானம் திரும்புமே என்று தனியாக இறங்கினேன். பார்த்தேன். ஒரு முள்ளம்பன்றி என் பூட்ஸை முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு நிதானமாக நாஷ்டா பண்ணிக்கொண்டிருந்தது. கடலெண்ணெய், கூடவே என் வியர்வை உப்பு. அதற்கு வேறென்ன வேண்டும்? மற்றவர்களின் ரப்பர் செருப்பை அது மோந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏய்!" என்று அதட்டினேன். அது முள்ளையெல்லாம் சிலிர்த்துச் சலசலவென்று உதறியது. அடுத்த நொடி நான் பக்கத்துப் பாறையின் தலையில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. (அந்தப் பயணத்தில் நான் ஒழுங்காகச் செய்த மலையேற்றம் அது ஒன்றுதான்.)

என் அலறல் கேட்டு மூவரும் ஓடி வந்தார்கள். முள்ளம்பன்றி கடைசி வாயை மென்றுவிட்டுப் புதருக்குள் போனது. தேன்மொழி என்னைப் பார்த்தாள். தோல் நாக்கைப் பறிகொடுத்த பூட்ஸைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க. இதுக்கு முன்ன எந்த மலை ஏறியிருக்கீங்க?"

"மொட்டை மாடி," என்றேன், பாறை மேல் இருந்தபடியே.

அவள் பையிலிருந்து தன்னுடைய இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். ரோஸ் கலர். என் பாதி குதிகால் வெளியே தொங்கியது. ஆனால் கடிக்கவில்லை. முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி நடந்தேன். கிளைக்குக் கிளை, நீள வாலைப் பறக்கவிட்டு ஒரு மலை அணில்! "அதோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அது பயந்து ஓடியே போய்விட்டது. பரவாயில்லை, நான்தான் முதலில் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பஸ் ஏறும்போது, "செருப்பக் கழுவி அனுப்பிட்றேங்க," என்றேன்.

"வேணாம். உங்க வூட்லயே இருக்கட்டும். நான் அங்கதான வரப் போறேன்," என்றாள் தேன்மொழி.

தலை தீபாவளிக்குச் சேகர் வேட்டி சட்டையோடு ஒரு பாட்டில் கடலெண்ணெயும் வைத்துக் கொடுத்தார். இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால், என் செருப்புக்குள் ஒரு பிடி வேர்க்கடலையைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கவனிக்காமல் காலை விட்டு நான் "ஐயோ!" என்று அலறினால் போதும், உள்ளேயிருந்து தேன்மொழியின் குரல் வரும்:

"இன்னாங்க, பாறை மேல ஏறிட்டீங்களா?"