தாத்தாவின் தோட்டாவும் டெல்பர்ட்டின் கொம்பும்

“இந்தத் தோட்டா பாதிப் பள்ளத்தாக்கைத் தாண்டுறதுக்குள்ள களைச்சுப் போய் உட்கார்ந்துக்கும் மச்சான்.”

துப்பாக்கிக் கடையில் பத்துப் பேர் பார்க்க இப்படிச் சொன்னவன் க்ளின்ட், டெல்பர்ட் ஸ்ட்ரவுடின் மனைவிக்குத் தம்பி. டெல்பர்ட்டின் உள்ளங்கையில் இருந்தது அவர் தாத்தா காலத்துத் தேர்ட்டி ஆட் சிக்ஸ் ரகத் தோட்டா.

“எங்க தாத்தா இதுலதான் குடும்பத்துக்கே கறி போட்டாருடா.”

“அப்போ எல்க் மான் பக்கத்துல வந்து நிக்கும். இப்ப அதுங்களுக்கும் விவரம் வந்துருச்சு.”

கடையே சிரித்தது. டெல்பர்ட்டுக்குக் காது சிவந்தது. பாதி ஆயுள் குலுக்கலில் பெயர் போட்டு, இந்த வருஷம்தான் மொன்டானா மாநில அரசு அவருக்கு ஆண் எல்க் வேட்டைக்கு அனுமதி கொடுத்திருந்தது. இன்னொரு முறை சீட்டு விழுவதற்குள் அவரே விழுந்துவிடுவார். கொம்பைக் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று மேவிஸ் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் அவர் சபதம் போட, மேவிஸும் அன்றே சுவரில் ஆணி அடித்துவிட்டாள். வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே முட்டை சாப்பிடுவது எந்த மனிதனுக்கும் அவமானம்.

ரோஷத்தில் முந்நூறு மேக்னம் என்ற பெரிய துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். துப்பாக்கி பின்னால் உதைத்த உதையில் குறிபார்க்கும் ஸ்கோப் வந்து புருவத்தைக் கிழித்தது. குறிப்பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“உதைக்காத தோட்டா இருக்கு, ஆறரை மில்லிமீட்டர்” என்றார் கடைக்காரர்.

“அதுல சுட்டா எல்க் சொறிஞ்சுக்கிட்டுப் போயிடும்” என்றான் க்ளின்ட்.

“நீ வாயை மூடு. எனக்கு மலைக்கு மலை போற தோட்டா வேணும்.”

அப்படி ஒன்று இருந்தது. புதிதாக வந்த ஏழு மில்லிமீட்டர். அதற்கென்று தனித் துப்பாக்கி. அதை வாங்கத் தாத்தாவின் துப்பாக்கியை விற்றார். வாங்கிய பிறகுதான் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“துப்பாக்கி இருக்கு. தோட்டாதான் மாநிலத்துலயே ஸ்டாக் இல்ல.”

“இதை வாங்குறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டியாய்யா?”

“நீங்க கேக்கலையே.”

டெல்பர்ட் ஊர் ஊராக அலைந்தார். மிசூலாவில் ஒரு பல் டாக்டரிடம் ஒரு பெட்டி இருந்தது. ஒரு பல்லைப் பிடுங்க ஒத்துக்கொண்டால்தான் கொடுப்பேன் என்றார் அவர். ஆடிய பல்தான், ஆனாலும் அநியாயம்.

வேட்டை நாள் வந்தது. புருவத்தில் பிளாஸ்டரும் வாயில் ஓட்டையுமாக டெல்பர்ட் மலை உச்சியில் படுத்திருந்தார். பக்கத்தில் க்ளின்ட் தூரமானியைக் கண்ணில் வைத்திருந்தான். எதிர்ச் சரிவில், மரத்தையே தலையில் முளைக்க விட்டதுபோல ஓர் ஆண் எல்க்.

“எழுநூத்தி அம்பது கஜம். விட்டுரு மச்சான், இறங்கிக் கிட்டப் போவோம்.”

“கிட்டப் போறதுக்கா பல்லைப் பிடுங்கிக்கிட்டேன்?”

சுட்டார். எல்க் யோசித்துப் பார்த்து, படுத்துக்கொண்டது.

க்ளின்ட் தொப்பியைக் கழற்றினான். “மன்னிச்சுக்க மச்சான். பேசுனதெல்லாம் தப்பு.”

டெல்பர்ட் அந்தத் தொப்பியை வெகுநேரம் போட விடவில்லை. உச்சியில் செல்போனுக்கு சிக்னல் கிடைத்தது. மேவிஸைக் கூப்பிட்டு, அந்த ஆணி பத்தாது, பெரிய ஆணியாக அடி என்று உத்தரவு போட்டார்.

பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, முட்புதரில் பேண்ட்டைப் பறிகொடுத்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, எல்க் பக்கத்தில் ஒரு வேட்டைக் காவல் அதிகாரி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

“எங்கேருந்து சுட்டீங்க ஐயா?”

டெல்பர்ட் நெஞ்சை நிமிர்த்தி, வானத்தோரம் தெரிந்த உச்சியைக் காட்டினார்.

அவள் விசிலடித்தாள். “மொன்டானா அனுமதியா?”

“ஆமா. ஆயுசுக்கு ஒரு தடவை.”

“இவங்க தாத்தாவோட தோட்டா இதுல பாதி தூரம் வந்திருக்காது மேடம்” என்று க்ளின்ட் பெருமையாக எடுத்துக் கொடுத்தான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அபராதப் புத்தகத்தைத் திறந்தாள்.

“தாத்தாவோடதையே வச்சிருக்கலாம் ஐயா. அது மொன்டானாவுக்குள்ளயே நின்னிருக்கும். உங்க மாநிலம் அந்த ஓடையோட முடிஞ்சுபோச்சு, இது பக்கத்து மாநிலம், ஐடஹோ.”