துவக்கும் ரவையும்

லண்டனில் இரண்டு ஊர்த் தமிழர்கள் ஒரே மேசையில் அமர்ந்தால் அங்கே பேசப்படுவது மூன்று தமிழ். மூன்றாவது இருவருக்குமே விளங்காது. ஆனாலும் இருவரும் தலையாட்டுவார்கள். அப்படி ஒரு தலையாட்டலில்தான் என் மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

என்னிடம் மூன்று பழைய ரிவால்வர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மேற்கு எல்லையில் மாட்டுக்காரர்களின் இடுப்பில் தொங்கிய காலத்தவை. கூடவே இரண்டு தோலுறைகள், ஒரு இடுப்புப் பட்டி. பட்டியில் ரவை செருக முப்பத்தெட்டு வளையங்கள்; முப்பத்தெட்டும் வெறுமை. (மாதம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன்.) யாழ்ப்பாணத்தாரான எங்களுக்குத் துப்பாக்கி என்றால் துவக்கு, அதன் குண்டு ரவை. இந்தத் துவக்குகளுக்கான ரவையை இப்போது யாரும் செய்வதில்லை என்பதால், அலங்காரமாக வைத்திருக்கச் சட்டம் விடுகிறது. மூன்று இடத்தில் விசாரித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் பெற்றோர் கோயம்புத்தூரிலிருந்து வந்து, மாப்பிள்ளையோடு, ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டில் கால் வைத்த நாள் அது. அவர்களுக்கு எங்களைப் பிடித்தால்தான் நிச்சயம். மகள் முதல் நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை.

"இஞ்சேரப்பா," என்றாள் மனைவி. "அவையள் போகுமட்டும் துவக்கெண்ட சொல் உங்கட வாயிலை வரக்கூடாது."

"ஓம்."

"என்னைப் பாத்து ஓமெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். காப்பாற்றவும் செய்தேன். எங்கள் கூரைக்கு மேல் பதினோரு விமானங்கள் போகும்வரை மழையைப் பற்றி மட்டுமே பேசினேன். மனைவி தேநீர் போட உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"நல்ல நேரம் போயிட்டிருக்குங்க. துவக்கலாமுங்களா?"

என் நெஞ்சு பூரித்தது. மாப்பிள்ளை என் சேகரிப்பைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கிறான்!

"துவக்கோ?" என்றேன், நம்ப முடியாமல்.

"ஆமாங்க. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்! துவக்குங்க, துவக்குங்க."

(நானாக எடுக்கவில்லை. கேட்டவர் அவர். இதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் ஏற்கவில்லை.)

மாடிக்கு ஓடினேன். மூன்றில் அழகானதை எடுத்துத் துடைத்து, தாம்பாளத்தில் வைத்து, பட்டுத் துணியால் மூடிக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளையின் அம்மா அதை வெற்றிலைபாக்கு என்று நினைத்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, பயபக்தியோடு இரண்டு கைகளையும் நீட்டினார். நான் துணியை விலக்கினேன்.

"ஐயோ, முருகா!"

"பயப்படாதேங்கோ அக்கா, ரவை இல்லை!"

"உப்புமாவெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க! நாங்க கெளம்பறோம்!"

"அப்பா!" மகள் அழுதேவிட்டாள். "பேச்சைத் தொடங்கச் சொன்னவை அப்பா!"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். தேநீரோடு வந்த மனைவி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். இருபது வருடமாக அந்தச் சேகரிப்பைத் திட்டியவள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குடும்பம் நடத்துற வீட்டுல எதுக்குங்க இது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

மனைவி தட்டை மெல்ல மேசையில் வைத்தாள்.

"சுடுற துவக்குகள் கனக்கப் பாத்திட்டம் அக்கா. அதுகளுக்குப் பயந்துதான் இஞ்ச ஓடி வந்தனாங்கள். இது சுடேலாதது. பிள்ளை மாதிரி வைச்சுத் துடைச்சுக் கொண்டிருக்கிறார். இருக்கட்டுமெண்டு விட்டிட்டன்."

இதை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா, தீக்கோழி முட்டையைத் தொடுவதுபோல, ஒரு விரலால் துவக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"கனமா இருக்குமுங்களா அண்ணா?"

"ஒரு கிலோவுக்கு மேலை," என்றேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

இப்போது ஒவ்வொரு வருகையிலும் சம்பந்தியம்மா கோயம்புத்தூரிலிருந்து ஒரு கிலோ ரவை கொண்டுவருகிறார். பையைத் திறந்து, எல்லோர் முன்னிலையிலும் இரண்டு கைகளாலும் நீட்டி, "இந்தாங்க அண்ணா, உங்க துவக்குக்கு ரவை" என்கிறார். வீடே சிரிக்கிறது.

எனக்கு மட்டும் அவர் விமானம் ஏறும் நாளை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. முதல் நாளே போன் எடுத்துவிடுவேன்: "பையிலை என்னவெண்டு ஹீத்ரோவிலை கேட்டால் இங்கிலீசிலை சொல்லுங்கோ அக்கா. தமிழிலை சொல்லிப்போடாதேங்கோ. அங்கை எங்கட ஆக்கள்தான் வேலை செய்யினம்."